ஜிப்ஸியை 2 அங்குலம் தூக்கக் கமானும் ஷேக்கிளும் போதும்

கமான் என்பது வண்டியைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங். ஷேக்கிள் என்பது அதன் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் தகடு. கமானை ஏற்றினாலும் ஷேக்கிளை நீட்டினாலும் உயர்வது சேஸிஸ் மட்டும்தான். மாருதி ஜிப்ஸியின் முன்னும் பின்னும் இருப்பவை இரு சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்சில்கள். அதனால் ஆக்சில் நடுவே பல்சக்கரங்களை மூடியிருக்கும், பாறையில் இடிக்கிற அந்த டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த உயரத்திலேயேதான் இருக்கும். அதை உயர்த்த எளிய வழி டயர்தான். 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ., 235/75 ஆர்15 டயருக்கு 733 மி.மீ. அந்த வித்தியாசத்தில் பாதி, அதாவது 33 மி.மீ., டிஃபரன்ஷியல் மேலே வரும். அந்தப் பெரிய டயர் உரசாமல் ஓட இடம் செய்து தருவதுதான் லிஃப்ட்டின், அதாவது சேஸிஸைத் தூக்குவதன், வேலை. அதற்கு 2 அங்குலம் தாராளம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் ஆக்சில் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். பழைய வண்டிகளில் கமான் ஏற்கெனவே தொங்கியிருக்கும். தொங்கல் 1 அங்குலம் என்றால், கமானைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்தது.

கமானைக் கழற்றியதும் பட்டைகளைப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, சென்டர் போல்ட் துளையைச் சுற்றியும் மெயின் பட்டையின் (மேலே உள்ள நீளப் பட்டை) முனையில் போல்ட் நுழையும் கண் ஓரத்திலும் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அந்தப் பட்டை வேண்டாம். கமான் பட்டறையில் பச்சையாகவே, அதாவது சூடாக்காமல், அடித்து வளைக்கச் சொல்லுங்கள். உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்து, முறையாக எண்ணெயில் தோய்த்துப் பதமேற்றாமல் விட்டால் இரும்பு மென்மையாகிவிடும். சீக்கிரமே மறுபடி தொங்கும். கனமான பம்பர், வின்ச் (வண்டியை இழுக்கும் கயிற்று மோட்டார்) இருந்தால் வளைப்பது மட்டும் போதாது, மெயினுக்குக் கீழே ஒரு பட்டை கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஆனால் இரண்டு பட்டை சேர்த்தால் காலி வண்டி கல்லுபோல் குதிக்கும். வளைத்து வந்ததும் இரண்டு கண்ணுக்கும் நடுவே நூல் கட்டி, நூலிலிருந்து மெயின் பட்டை வரை அளந்து பாருங்கள். இடது வலது வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. இப்படிக் கமானில் 1 அங்குலம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீதி 1 அங்குலம் ஷேக்கிளில். ஷேக்கிளை நீட்டும் அளவில் பாதிதான் வண்டி உயரும், ஏனென்றால் கமானின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. ஆக 25 மி.மீ. உயர, துளைக்குத் துளை பழையதைவிட 50 மி.மீ. கூடுதல் நீளமான ஷேக்கிள் வேண்டும். முழு 2 அங்குலத்தையும் ஷேக்கிளிலேயே எடுக்க ஆசைப்படாதீர்கள். அவ்வளவு நீண்ட தகடு பக்கவாட்டில் ஆடும், வளைவில் வண்டி அலையும். 8 மி.மீ. தகட்டில் வெட்டி, இரண்டு தகடுக்கும் நடுவே குறுக்குக் குழாய் வைத்து வெல்டு செய்யுங்கள். வளைத்த கமானின் கண்கள் நெருங்கி வருவதால் ஷேக்கிள் உள்பக்கம் இழுபடும். வண்டி தன் எடையில் நிற்கும்போது ஷேக்கிளின் கீழ்முனை கமானுக்கு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்தாகவோ உள்நோக்கியோ நின்றால் கமான் நீள இடமிருக்காது. பள்ளத்தில் ஷேக்கிள் தலைகீழாகப் புரண்டு மாட்டிக்கொள்ளும்.

முன் ஷேக்கிள் கமானின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்சிலின் தலை முன்னோக்கிச் சாய்ந்து காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். கமான் நீளம் சுமார் 900 மி.மீ. என்றால் 50 மி.மீ. இறக்கத்துக்கு 3 டிகிரி போகும். ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பாமல் வேகத்தில் அலைவதற்குக் காரணம் இதுதான். ஆக்சில் பேடுக்கும் (ஆக்சிலில் கமான் பொருந்தும் தட்டு) கமானுக்கும் இடையே, தடித்த பக்கம் முன்னே இருக்கும்படி, 2 முதல் 3 டிகிரி இரும்பு ஆப்பு வையுங்கள். அலுமினிய ஆப்பு நசுங்கிப் பிளக்கும். ஆப்பு வைத்ததும் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியல் முனை) சற்றுக் கீழே திரும்பும் என்பதால், ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுவரும் முன் ஷாஃப்ட் ஜாயின்ட்டின் கோணத்தையும் பாருங்கள்.

லாரிக்காரர்கள் செய்வதுபோல் ஆக்சிலுக்கும் கமானுக்கும் நடுவே பிளாக் (கட்டை) வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஜிப்ஸியில் கமான் ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது. நடுவில் கட்டை வைத்தால் கமான் இன்னும் கீழே போகும், வண்டி உயர்வதற்குப் பதில் தாழும்.

மாட்டும்போது கமானை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் நான்கு ஜோடியும் புதிதாக வாங்குங்கள். நீண்டுபோன பழையது மறுபடி இறுக்கம் பிடிக்காது. நட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்குங்கள். ஷேக்கிள் போல்ட்டையும் கண் போல்ட்டையும் வண்டி தரையில் நின்று எடை ஏறிய பிறகே கடைசியாக முறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு விரைவில் கிழியும்.

பிறகு சேஸிஸில் ஸ்டாண்டு கொடுத்து ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு ஓரத்துக்கும் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் விறைத்து நின்றால் நீள ஹோஸ் கட்டாயம். இதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். ஆக்சில் தொங்குவதை ஷாக் அப்சார்பர் தடுத்து நிறுத்தினால் அது குட்டை, நீளமானது போடுங்கள். அழுத்தும்போது பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே மோதாமல் தடுக்கும் ரப்பர்) தொடும் முன்னே ஷாக் முட்டக்கூடாது. ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் (நீளம் மாற நழுவும் பல்வரிப் பகுதி) எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். கழற்றும் முன்பே ஷாஃப்ட்டின் இரு பாதியிலும் பெயின்ட் குறி போட்டிருந்தால் ஜாயின்ட் நிலை மாறாது. மாறினால் வேகத்தில் அதிரும்.

ஸ்டியரிங் பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் தண்டு சாய்வதால் ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நிற்கும். லிங்க்கின் நீளத்தைத் திருகிச் சரிசெய்து, செக் நட்டை இறுக்குங்கள். ஹெட்லைட்டைக் கீழே இறக்குங்கள். பெரிய டயரோடு ஸ்பீடோ 60 காட்டினால் உண்மை வேகம் ஏறக்குறைய 66.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதியில்லா மாற்றத்தைத் தடுக்கிறது. 182ஏ(4) பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரலாம். காப்பீட்டிலும் சிக்கல் வரும். பொதுச் சாலையில் ஓட்டும் வண்டி என்றால் வேலையைத் தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

100 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்குங்கள். 500-இல் இன்னொரு முறை.