கண்மாயில் தண்ணீர் எத்தனை ஹெக்டேர்? க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளிலிருந்து எக்செலுக்கு ஒரு குட்டி ஸ்கிரிப்ட்

மதுரையின் மாடக்குளம், வண்டியூர் கண்மாய்களில் மாதாமாதம் நீர்ப்பரப்பு எவ்வளவு என்று சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுக்கலாம். ஒவ்வொரு படமாகத் திறந்து எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். ஸ்கிரிப்ட் என்றதும் பயம் வேண்டாம், முக்கால்வாசியை க்யூஜிஐஎஸ்ஸே எழுதித் தரும்.

முதலில் ராஸ்டர் கால்குலேட்டர் (ராஸ்டர் என்றால் பிக்சல் கட்டங்களால் ஆன படம்). நீர்க் குறியீட்டுக்கு நீளமான சூத்திரம் உண்டு. அது 0-க்கு மேலா என்று மட்டும் பார்ப்பதானால் ‘பேண்ட் 3 > பேண்ட் 8’ என்று கொடுத்தாலே போதும். பேண்ட் 3 பச்சை ஒளி, பேண்ட் 8 அகச்சிவப்பு. தண்ணீர் பச்சை ஒளியைவிட அகச்சிவப்பைக் குறைவாகத் திருப்பி அனுப்பும். நீர் உள்ள பிக்சல் 1, மற்றது 0. ஆகாயத்தாமரை மூடிய இடம் 0 என்றுதான் வரும், அதை நினைவில் வையுங்கள். மாதத்துக்கு ஒரு டிஃப் கோப்பாக ஒரே ஃபோல்டரில் சேமியுங்கள்.

அடுத்து, கண்மாய் எல்லைப் பாலிகன்களோடு, ஒவ்வொரு எல்லைக்குள்ளும் உள்ள பிக்சல்களைக் கணக்கிடும் ‘சோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ கருவியைத் திறந்து, ‘சம்’ (கூட்டுத்தொகை) மட்டும் தேர்ந்தெடுங்கள். பலர் சராசரியை எடுக்கிறார்கள். பரப்பு வேண்டுமென்றால் கூட்டுத்தொகைதான் நேர்வழி. பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஆக 100 பிக்சல் ஒரு ஹெக்டேர்.

இங்கே நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல்: 78 டிகிரி தீர்க்கரேகை மதுரைக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. மீட்டரில் அளக்கும் வரைபட அமைப்பான யுடிஎம்மில் மதுரை நகரம் 44-வது மண்டலம், உசிலம்பட்டி 43. பாலிகன் வேறு மண்டலத்தில் இருந்தாலும் கருவி தானே மாற்றிக்கொள்ளும். ராஸ்டரை மட்டும் டிகிரிக்கு மாற்றிவிடாதீர்கள், ஹெக்டேர் கணக்கு கெட்டுவிடும்.

இப்போது ஸ்கிரிப்ட். அதே சாளரத்தின் கீழே ‘அட்வான்ஸ்டு’ பொத்தானில் ‘காப்பி அஸ் பைத்தான் கமாண்ட்’ இருக்கும். அதை பைத்தான் கன்சோலின் எடிட்டரில் ஒட்டுங்கள். அதற்கு மேலே, ‘இம்போர்ட் குளோப்’ என்று ஒரு வரி, அடுத்து ‘குளோப்’ (கோப்புகளைப் பட்டியலிடும் பைத்தான் தொகுதி) கொண்டு ஃபோல்டரின் டிஃப் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் ‘ஃபார்’ வரி ஒன்று. ஒட்டிய கட்டளையை நான்கு இடைவெளி உள்ளே தள்ளுங்கள். ராஸ்டர் பாதை இருந்த இடத்தில், மேற்கோள் குறி இல்லாமல், ஃபார் வரியில் வைத்த பெயர் வரட்டும். வெளியீட்டுப் பாதையிலும் அதே பெயரோடு சிஎஸ்வி நீட்சியைச் சேருங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி, கடைசி மாதம் மட்டுமே மிஞ்சும்.

சிஎஸ்வி கோப்புகளை மட்டும் தனி ஃபோல்டரில் வைத்து, எக்செலில் ‘டேட்டா’வுக்குப் போய் ‘ஃப்ரம் ஃபோல்டர்’ கொடுத்து ‘கம்பைன்’ செய்தால் எல்லாம் ஒரே அட்டவணையாகும். கோப்புப் பெயர் நிரலே மாதம். ‘சம்’ நிரலை 100-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். கண்மாய்ப் பெயர்கள் குப்பை எழுத்தாகத் தெரிந்தால், இறக்கும்போது யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள்.