ஆர்கேட் ஒரிஜினலையும் வீட்டு கன்சோல் போர்ட்டையும் ஒப்பிடுவது எப்படி

ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திரம்) ஆட்டத்தையும், அதை வீட்டு கன்சோலுக்கு மாற்றிய பதிப்பான போர்ட்டையும் ஒப்பிட, இரண்டு ஸ்கிரீன்ஷாட்டை அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்வதுதான் வழக்கம். அட்டாரி 2600 கன்சோலுக்கு 1982-இல் வந்த பேக்-மேன் அந்த வழக்கத்தைக் கவிழ்த்துவிடும். அதில் ஒரு ஃப்ரேமுக்கு (திரை ஒருமுறை வரையும் படத்துக்கு) ஒரு பேய்தான் வரையப்படுகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் ஒற்றைப் பேய்தான் சிக்கும்; ஆடும்போதோ நான்கும் விடாமல் மினுக்கும். ஆகவே வீடியோவாகப் பதிவு செய்து, நேரம் பார்த்து, எண்ணித்தான் ஒப்பிட வேண்டும்.

முதல் வேலை, எது எதன் போர்ட் என்று பார்ப்பது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். சூப்பர் நின்டெண்டோ கன்சோலின் 1992 கார்ட்ரிட்ஜ் (ஆட்டம் பதிந்த செருகுபெட்டி) முதல் ஆர்கேட் பதிப்பிலிருந்து வந்தது. சேகாவின் மெகா டிரைவ் கன்சோலுக்கான 1993 கார்ட்ரிட்ஜ், சாம்பியன் எடிஷன் என்ற பிந்தைய ஆர்கேட் பதிப்பை ஒட்டியது. இந்த இரண்டையும் மோதவிட்டால் ஒப்பிடுவது கன்சோல்களை அல்ல, வேறு வேறு ஆட்டங்களை. மெகா டிரைவுக்கு எதிரே நிறுத்த வேண்டியது சூப்பர் நின்டெண்டோவின் டர்போ பதிப்பு. ஆர்கேட் பக்கத்தை மேம் எமுலேட்டரில் (ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுவதாக இருந்தால், டேப் விசையை அழுத்தி டிப் சுவிட்ச் (இயந்திரத்தின் அமைப்புகளை மாற்றும் சிறு சுவிட்சுகள்) மெனுவில் கடின நிலை, உயிர்களின் எண்ணிக்கை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேகம். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஆட்டக்காரரின் திறமையைப் பொறுத்து மாறாத ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஆர்-டைப் போலத் தானாக நகரும் ஆட்டத்தில், ஸ்டேஜ் தொடங்கியதிலிருந்து குறிப்பிட்ட ஓர் எதிரி தலைகாட்டும் வரை எவ்வளவு நேரம் என்று அளக்கலாம். ஃப்ரேம்களை மட்டும் எண்ணி நிறுத்திவிடாதீர்கள், நொடிக்கு மாற்றுங்கள். ஆர்-டைப் ஆர்கேட் போர்டு (இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகை) சுமார் 55 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 55 ஃப்ரேமில், ஓடுகிறது. அமெரிக்க, ஜப்பானிய வீட்டு டிவி 60. அதனால் 330 ஃப்ரேம் என்பது அங்கே 6 நொடி, இங்கே 5.5 நொடி. எமுலேட்டரை மானிட்டரின் 60 ஹெர்ட்ஸோடு பூட்டும் அமைப்பை இயக்கினால் ஒரிஜினலே சுமார் 9 சதவீதம் வேகமாக ஓடும். அப்புறம் நல்ல போர்ட்கூட மந்தமாகத் தெரியும். மார்ட்டல் காம்பாட் போர்டும் ஏறக்குறைய இதே கதைதான்: 54.7 ஹெர்ட்ஸ். ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் கார்ட்ரிட்ஜ்களில் பல, வேகம் திருத்தப்படாமல் வந்தவை. 60 ஹெர்ட்ஸில் 6 நொடி எடுப்பது அவற்றில் 7.2 நொடி இழுக்கும். மேலும் கீழும் கருப்புப் பட்டை தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

திரை அளவிலும் ஒரு பொறி உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆர்கேடில் 384×224 பிக்சல், சூப்பர் நின்டெண்டோவில் 256×224. இரண்டுமே 4:3 டிவிக்காகச் செய்யப்பட்டவை. சதுர பிக்சலாகப் பார்த்தால் முதலாவதில் ரியூ என்ற வீரர் குண்டாவார், இரண்டாவதில் ஒல்லியாவார். இரண்டையும் 4:3-க்கு இழுத்த பிறகே உருவ அளவைப் பேச வேண்டும். பேக்-மேன், டாங்கி காங் போன்றவை செங்குத்துத் திரைக்கானவை. படுக்கைவாட்டு டிவியில் மேஸ் (புதிர்ப்பாதை) எங்கே அமுக்கப்பட்டிருக்கிறது, ஸ்கோர் எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

பிறகு எண்ணிக்கை. ஸ்டேஜ், கதாபாத்திரம், ஒரே நேரத்தில் திரையில் நிற்கும் எதிரிகள் எல்லாவற்றையும் எண்ணுங்கள். என்.இ.எஸ். (நின்டெண்டோவின் முந்தைய கன்சோல்) டாங்கி காங்கில் கன்வேயர் பெல்ட் ஓடும் ஸ்டேஜ் இல்லை. என்.இ.எஸ். கிரேடியஸில் ஆப்ஷன் உருண்டைகள் (கப்பலோடு சேர்ந்து சுடும் துணைகள்) நான்குக்குப் பதில் இரண்டு. சூப்பர் நின்டெண்டோ ஃபைனல் ஃபைட்டில் கை என்ற வீரர், இருவர் ஆட்டம், ஒரு முழு ஸ்டேஜ் மூன்றுமே போய்விட்டன. அதே ஆட்டம் மெகா டிரைவோடு இணையும் சிடி கருவியான சேகா சிடியில் இவற்றோடு வந்தது.

ஆனால் எண்ணிக்கை குறைந்தாலே மோசம் என்று அர்த்தமில்லை. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆர்கேடில் எதிரிகள் 55 பேர், அட்டாரி 2600-இல் 36 பேர்தான். ஆர்கேட் போர்டு ஒரு ஃப்ரேமுக்கு ஓர் ஆளைத்தான் நகர்த்துகிறது. 55 பேரும் ஓர் அடி வைக்க 55 ஃப்ரேம், கிட்டத்தட்ட ஒரு நொடி. கடைசி ஆள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பாய்வான். ஆள் குறையக் குறைய வேகம் ஏறும் அந்தப் பதற்றம் அட்டாரியிலும் இருக்கிறது. எங்கள் கணக்கில் அது நல்ல போர்ட்.

கடைசியாக, பட்டன் தாமதம். ஃபோனில் நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் வைத்து, விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி பிடியுங்கள். பட்டன் அமுங்கிய கணத்திலிருந்து உருவம் அசையும் வரை வீடியோவின் ஃப்ரேம்களை எண்ணி, நான்கால் வகுத்தால் 60 ஹெர்ட்ஸ் ஆட்டத்தின் ஃப்ரேம் கணக்கு வரும். பத்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள். பட்டன் ஒரு ஃப்ரேமின் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தே கிட்டத்தட்ட ஒரு ஃப்ரேம் கூடிக் குறையும். இரண்டு பக்கமும் ஒரே டிவி, கேம் மோட் (டிவியின் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) இயக்கத்தில் இருக்கட்டும். ஒருபக்கம் எமுலேட்டர், மறுபக்கம் அசல் கன்சோல் என்று வைத்தால் இந்த அளவு செல்லாது.

மெகா டிரைவ் ஸ்ட்ரீட் ஃபைட்டரை ஆறு பட்டன் கன்ட்ரோலரில் மட்டும் எடை போடுங்கள். மூன்று பட்டனில் குத்துக்கும் உதைக்கும் மாற ஸ்டார்ட்டை அழுத்த வேண்டியிருக்கும். அந்த எரிச்சலுக்குப் போர்ட் மேல் பழி போட முடியாது.