பாடியவருக்கே பாட்டு சொந்தமா? மெல்லிசைக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 மார்ச் மாதம் அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு, தம் பாடல்களை அனுமதியின்றிப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு வந்தபோது, அவர் பாடிய பாட்டை அவரே பாடக்கூடாதா என்று பலரும் வியந்தனர். பாடியவருக்கே பாட்டு சொந்தம் என்ற அந்த எண்ணம்தான் மெல்லிசைக் குழுக்கள் செய்யும் முதல் தவறு.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டை ஒரே சொத்தாகப் பார்ப்பதில்லை. மெட்டு ஓர் இசைப்படைப்பு, வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு, இசைத்தட்டாக வெளிவந்த ஒலிப்பதிவு மூன்றாவது படைப்பு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் உரியது இவற்றிலிருந்து வேறான நிகழ்த்துநர் உரிமை. மெட்டையும் வரிகளையும் மேடையில் பயன்படுத்த, இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் உரிமம் வழங்கும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் உரிமம் பெறுகிறவர்கள், எல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். வயலின்காரர்கள் போதாமல் அசல் ஒலிப்பதிவிலிருந்து பிரித்தெடுத்த ட்ராக்கை ஓடவிட்டால், அதற்கு ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் தனியே அனுமதி வேண்டும். உரிமத்தைக் கச்சேரி அமைப்பாளர் வாங்கியிருப்பார் என்று அனுமானிப்பதும் தவறு. அதன் நகலைக் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பழைய பாட்டென்றால் பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். படைத்தவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளுக்குத் தடையில்லை; ஆனால் 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு உரிமை 2033 முடியும் வரை உண்டு. பாரதியின் வரிகள் எல்லோருக்கும் பொது. அவற்றுக்குத் திரைப்பட இசையமைப்பாளர் போட்ட மெட்டு பொதுவன்று.

திருமண ஊர்வலத்திலும் அதையொட்டிய விருந்துகளிலும் வாசிப்பதற்குச் சட்டத்தின் 52ஆவது பிரிவு விலக்கு தருகிறது. அதே குழு, அதே பாட்டு, மறுநாள் டிக்கெட் விற்ற அரங்கில் என்றால் அந்த விலக்கு துணைக்கு வராது.

என் பார்வையில் இவை அனைத்தையும்விடப் பெரிய இழப்பு வாத்தியக்காரர்களுக்குத்தான் நேர்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்றைய சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, எந்தத் தாளும் இல்லாமல் வீடு திரும்புவது இன்றும் வழக்கமாக இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், திரைப்படத்துக்காக வாசிக்க எழுத்தில் ஒப்புக்கொண்ட கலைஞருக்கும் அந்த வாசிப்பு வணிகமாகப் பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமை உண்டு. நிகழ்த்துநர் உரிமையின் காலம் 50 ஆண்டுகள். ஆனால் திரைப்படத்தில் தற்செயலாகவோ சிறு அளவிலோ பங்கேற்று, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலிலும் இடம்பெறாதவரை அச்சட்டம் பெரும்பாலான நோக்கங்களுக்கு நிகழ்த்துநராகவே கருதுவதில்லை. ஆகவே பெயர் போடச் சொல்லிக் கேட்பதை வெறும் பெருமைக்கான ஆசை என்று எண்ணி விட்டுவிடக்கூடாது.

உரிமையை மாற்றித் தருவதாயின் அது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. 'உலகம் முழுவதும், என்றென்றைக்கும்' என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்திடுபவர், சட்டம் தானாகவே தந்திருந்த இந்தப் பாதுகாப்பைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்.

குழுத் தலைவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். குழுவின் பெயர் தம்முடையது என்பதால் தபேலாக்காரரின் வாசிப்பும் தம்முடையதே என்று கருதி, கச்சேரியைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். வாசிப்பைப் பதிவு செய்யவும் பொதுமக்களுக்கு வெளியிடவும் அனுமதிப்பது வாசித்தவரின் உரிமை. மேடைக்காக வாங்கிய உரிமமும் காணொளிக்குச் செல்லாது. கச்சேரிக்கு முன்தொகை கொடுக்கும்போதே, பதிவு உண்டா, அது எங்கே வெளியாகும், வருவாயில் யாருக்கு எவ்வளவு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கையொப்பம் பெற்றுவிடலாம்.