காது பிய்யாத துணிப்பை

துணிப்பை நடுவில் கிழிந்து பார்ப்பது அபூர்வம். பிய்வது காது, விடுவது அடி மூலை. மதுரை மாட்டுத்தாவணியில் ஐந்து கிலோ காய் வாங்கி டவுன் பஸ்ஸில் ஏறுகிற பைக்கு இந்த இரண்டு இடமும்தான் உயிர்.

துணிக்குக் கெட்டியான காடாவே (வெளுக்காத பருத்தித் துணி) நல்லது. 44 இஞ்ச் அகலத்தில் ஒன்றரை மீட்டர் வாங்கினால் இரண்டு பை வரும். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளில் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். பழைய சுங்குடிச் சேலை பார்க்க அழகுதான், ஆனால் மெல்லிசு. இரண்டு மடிப்பாக வைத்தால் ஒழியத் தாங்காது.

வெட்டும் முன் துணியை வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, அலசிக் காயவைத்துத் தேய்த்துவிடுங்கள். காடா சுருங்கும், பாலியெஸ்டர் நூல் சுருங்காது. இதை விட்டால் முதல் சலவையிலேயே தையல் ஓரமெல்லாம் சுருக்கம் விழும். கஞ்சி போகாத துணியில் கரப்பானும் வரும்.

ஒரு பைக்கு 17¼ இஞ்ச் அகலம், 39 இஞ்ச் நீளத்தில் ஒரே துண்டு. அடியில் மடிப்புதான், தையல் கிடையாது. காதுக்கு 3½ × 24 இஞ்சில் இரண்டு பட்டை. நீளம் பாவு நூல் வாக்கில், அதாவது துணியின் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கு வாக்கில் வெட்டிய காது இழுபட்டு நீண்டுவிடும்.

ஊசி 16ஆம் நம்பர். தையல் நீளம் 3 மி.மீ. பொடித் தையல் பலம் என்று நினைப்பது தப்பு. ஊசி ஓட்டைகள் நெருங்கினால் அந்தக் கோட்டிலேயே துணி கிழியும்.

துண்டை உள்பக்கம் உள்ளே இருக்கும்படி பாதியாக மடித்து, பக்கங்களைக் கால் இஞ்சில் அடியுங்கள். பிசிறை ஒட்ட நறுக்கி, பையைப் புரட்டி, அதே ஓரத்தில் ⅜ இஞ்சில் மறுபடி அடியுங்கள். பிசிறு உள்ளே அடங்கிவிடும், ஓவர்லாக் மெஷின் தேவையில்லை. பிறகு அடி மூலையை முக்கோணமாகப் பரப்பி, நுனியிலிருந்து 2 இஞ்ச் தள்ளிக் குறுக்கே இரண்டு தடவை அடியுங்கள். முக்கோணத்தை வெட்டிவிடாமல் அடிப்பாகத்தோடு மடித்துத் தைத்தால் அந்த இடம் தடித்துவிடும். பை 12 இஞ்ச் அகலம், 16 உயரம், 4 இஞ்ச் அடியோடு நிமிர்ந்து நிற்கும்.

பையை நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பிவிடுங்கள். இனி காது. பட்டையின் இரு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, இரு கரையிலும் அடியுங்கள். பையின் வாயை அரை இஞ்ச், பிறகு ஒரு இஞ்ச் உள்ளே மடியுங்கள். பக்கத் தையலிலிருந்து 4½ இஞ்ச் தள்ளிக் காது நுனியை மடிப்புக்குள் ஒரு இஞ்ச் செருகி, வாயின் கீழ்க்கரையைச் சுற்றி அடியுங்கள். காதை மேலே தூக்கி, காதின் அகலத்துக்கு ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போடுங்கள். ஒற்றைக் கோட்டில் நிறுத்தினால் மொத்தப் பாரமும் அந்த ஒரு கோட்டில்தான் தொங்கும். இங்கே பத்துப் பதினோரு மடிப்பு சேரும். மோட்டாரில் ஓட்டினால் ஊசி முறியும். சுத்தியலால் லேசாகத் தட்டி அமுக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

தோளில் மாட்ட வேண்டுமென்றால் காதுப் பட்டை 30 இஞ்ச். மிச்சத் துணியில் பருப்பு வாங்கச் சுருக்குப்பை இரண்டு தைக்கலாம். கீரை வாங்கி வந்த பையை அன்றே உதறி வெயிலில் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கரும்புள்ளி விழும், அது போகாது.