சிட்டை, சாவி, குக்கர் விசில்: ஏடிஎச்டி உள்ள பெண்களுக்குச் சில ஏற்பாடுகள்

செட்டிநாட்டு வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டிலே காயும் துண்டை எடுக்க முகப்பிலிருந்து கிளம்புகிறீர்கள். வழியில் வளவில், அதாவது நடுமுற்றத்தில், காயும் வடகம் கண்ணில் படுகிறது. அதைத் திருப்பிப் போடும்போது போன் அடிக்கிறது. பேசிக்கொண்டே பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்தாயிற்று, துண்டு காயப்போட்ட இடத்திலேயே கிடக்கிறது. வீட்டில் இதற்கு வைக்கும் பெயர் ‘பொறுப்பு பத்தாது’. ஆனால் ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதீத இயக்கக் கோளாறு) உள்ளவர்களுக்கு, செய்துகொண்டிருக்கும் வேலையை மனதில் பிடித்துவைக்கும் தற்காலிக நினைவு சட்டென்று நழுவும். செட்டிநாட்டு வீடுகளோ நீளமானவை, கட்டுக்குக் கட்டு வாசல். நடக்கிற தூரம் கூடக் கூட மறப்பதற்கான வாய்ப்பும் கூடுகிறது. நினைவாற்றலை வளர்க்கிறேன் என்று மல்லுக்கட்ட வேண்டாம். நினைவை வெளியே எடுத்து வையுங்கள்.

முதலில் ஒரு சிட்டை. இந்த ஊர்க் கடைகளில் வரவு செலவை நடக்க நடக்கச் சிட்டையில் எழுதி, பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார்கள். அந்தப் பழக்கம் அப்படியே இங்கே உதவும். 80 பக்க மலிவு நோட்டு ஒன்று, அதோடு கயிற்றில் கட்டிய பேனா, இடம் அடுப்படி மேடை. காதில் விழுந்ததும் எழுதிவிட வேண்டும், ‘அப்புறம் எழுதலாம்’ என்பதே கூடாது. இரவில் பத்து நிமிடம் உட்கார்ந்து தேதியுள்ளதைக் காலண்டரிலும், மணி உள்ளதைப் போன் அலாரத்திலும் ஏற்றுங்கள். நாளைக்கு என்று மூன்று வேலை மட்டும் தனியாக எழுதுங்கள். ‘சாந்தி கல்யாண வேலை’ என்று எழுதினால் அது ஒரு மாதமானாலும் அசையாது. ‘சமையல்காரருக்குப் போன் போட்டு ஆள் கணக்குச் சொல்’ என்று எழுதினால் நடக்கும். மொய் எழுத வேண்டிய கல்யாணங்களையும் பத்திரிகை வந்த அன்றே இதில் ஏற்றிவிடுங்கள், பின்னால் மனத்தாங்கல் மிச்சம். இந்த ஏற்பாடு கெடுவது பெரும்பாலும் இரண்டாவது நோட்டு வாங்கும்போதுதான். அழகான டைரிகள் நாலு பக்கத்தோடு நின்றுபோகும்.

அடுத்தது கண். மூடிய பெட்டகத்துக்குள் போன பொருள் உங்கள் மூளைக்கு இல்லாத பொருள்தான். அன்றாடம் தேவைப்படுவதைத் திறந்த தட்டிலும் கண்ணாடி டப்பாவிலும் வையுங்கள், வெள்ளிப் பாத்திரம் வேண்டுமானால் பெட்டகத்தில் இருக்கட்டும். சாவி, மூக்குக் கண்ணாடி, கைப்பை எல்லாம் நீங்கள் வழக்கமாக எங்கே போடுகிறீர்களோ, அங்கேயே ஆணியும் கூடையும் வையுங்கள். திண்ணையில்தான் சாவி விழுகிறது என்றால் ஆணியும் அதன் பக்கத்துச் சுவரில்தான். ‘இருக்க வேண்டிய இடம்’ என்று உள்ளே மாட்டினால் இரண்டு நாள்கூடத் தாங்காது.

அடுப்பில்தான் ஆபத்து அதிகம். விசில் எண்ணுவதை நம்பாதீர்கள், மூன்றாவதா நாலாவதா என்பது தெரியாமல் போகும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து டைமர் வையுங்கள். அந்த டைமர் உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். பட்டாலையில் கிடக்கும் போன் அடித்தால் அடுப்படிக்குக் கேட்காது. கழுத்தில் மாட்டும் சின்ன டைமரோ கைக்கடிகாரமோ நல்லது. அடுப்பு எரியும்போது வளவைத் தாண்டுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். மனகோலம், சீப்புச் சீடை போன்ற எண்ணெய்ப் பலகாரங்களுக்கு எல்லாவற்றையும் அளந்து பிசைந்து தட்டில் எடுத்து வைத்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்.

நேரக்கணக்கும் இப்படியே நழுவும். காரைக்குடிக்கு 9.30 பஸ் என்றால் பின்னாலிருந்து எண்ணுங்கள்: 9.10க்குப் படி இறங்க வேண்டும், 8.30க்குப் புடவை கட்ட வேண்டும், 8.20க்கு அலாரம். உங்களுக்கு இருபது நிமிடம் போதும் என்று தோன்றினால் முப்பது வைத்துக்கொள்ளுங்கள்.

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மறதியும் எரிச்சலும் பலருக்குக் கூடுகின்றன. மாதவிலக்கு நிற்கப்போகும் வயதிலும் அப்படித்தான். பெரிய விருந்தையோ வங்கி வேலையையோ அந்த வாரத்தில் போடாதீர்கள்.

பள்ளியில் ஓடியாடாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதனால் பலருக்கு இது பிள்ளைக்குக் கண்டறியும்போதுதான் தெரியவருகிறது. கண்டறிவதற்கு 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். பழைய ரேங்க் கார்டையும், சின்ன வயதில் உங்களை வளர்த்த அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ கேட்டதையும் எடுத்துப் போங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே மறதியையும் சோர்வையும் தரும். அந்தச் சோதனைகள் முதலில் ஆகட்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இரண்டிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.

வீட்டாரிடம் பொதுவாக ‘உதவி செய்யுங்க’ என்றால் எதுவும் நடக்காது. குறிப்பாகக் கேளுங்கள்: “அத்தை, ஒரு நேரத்துல ஒரு வேலை சொல்லுங்க. இன்னொண்ணு ஞாபகம் வந்தா சிட்டையில எழுதிடுங்க.”

மருந்து எழுதினால் அதன் குணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெத்தில்ஃபெனிடேட் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும், குறுகிய நேர வகை நாலு மணி நேரம்போல நிற்கும். பசியைக் குறைக்கும் என்பதால் சாப்பிட்டுவிட்டுப் போடுவது நல்லது. மாலையில் போட்டால் தூக்கம் கெடும். மேலே இரண்டு டம்ளர் காப்பி ஏறினால் படபடப்பு வரும். அட்டோமாக்செட்டின் என்ற இன்னொரு மருந்தின் பலன் தெரியப் பல வாரம் பொறுக்க வேண்டும். பத்து நாளில் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுக்கும் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பமாகத் திட்டமிருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். மெத்தில்ஃபெனிடேட் எல்லாக் கடையிலும் இருக்காது, சீட்டு இல்லாமலும் தரமாட்டார்கள். ஒரு வாரத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே கடைக்குப் போன் போடும்படி சிட்டையில் தேதி குறித்துவையுங்கள்.