உடற்பயிற்சிப் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் டிசம்பர் மாரத்தானுக்கு நாள் நெருங்க நெருங்க, எங்கள் ஞாயிறு ஓட்டக் குழுவில் புதிய முகங்கள் கூடும். அவர்களில் பலர் கையில் ஒரு பயிற்சிப் புத்தகம் இருக்கும், இல்லையென்றால் கைப்பேசியில் அதன் அட்டவணைப் படம் இருக்கும். புத்தகம் பார்த்துப் பயிற்சி செய்பவர்களை எனக்குப் பிடிக்கும். தினம் ஒரு காணொளியைப் பார்த்துத் தினம் ஒரு வழிக்குத் தாவுவதைவிட, ஒரே புத்தகத்தை மூன்று மாதம் விடாமல் பின்பற்றுவது எவ்வளவோ மேல். ஆனால் நான் தொடக்கத்தில் எந்த மாதிரிப் புத்தகங்களை நம்பிக் கால்களைக் கெடுத்துக்கொண்டேனோ, அதே மாதிரிப் புத்தகங்கள்தான் இவர்கள் கையிலும் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எழுத்து படிக்கும் அளவில் இருக்கிறதா, படம் தெளிவாக இருக்கிறதா, விலை கட்டுப்படியாகுமா என்பதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதற்காக என்று முடிவு செய்யாமல் புத்தகம் எடுப்பது

தேசிய சேவையாளர்களுக்கான ஐபிபிடி உடலுறுதித் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகளிடம் இதை அதிகம் பார்க்கிறேன். 2015 முதல் அந்தத் தேர்வில் மூன்றே அங்கங்கள்: ஒரு நிமிடம் தண்டால், ஒரு நிமிடம் சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 100 புள்ளி, அதில் ஓட்டத்துக்கு மட்டும் 50. ஓட்டத்துக்கு இவ்வளவு புள்ளி என்றதும் நேராகப் போய் மாரத்தான் புத்தகத்தை எடுத்து வருகிறார்கள். மாரத்தான் புத்தகம் நீண்ட தூரத்தை மெதுவாக ஓடச் சொல்லித்தரும். 2.4 கிலோமீட்டர் என்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம் மூச்சிரைக்க ஓடி முடிக்கிற தூரம். அதற்கு 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கான புத்தகமே நெருக்கமானது. அரங்கத் தடத்தில் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப எந்த வேகத்தில் ஓடுவது, நடுவில் எவ்வளவு நேரம் ஓய்வெடுப்பது என்று விளக்கும் அத்தியாயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெற்றியாளரின் வார அட்டவணையை எடுத்துக்கொள்வது

கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே வாரத்துக்கு 200 கிலோமீட்டர் அளவில் ஓடிப் பழகியவர். அந்த எண்ணுக்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது, பகல் தூக்கம் இருக்கிறது, பிசியோ இருக்கிறார். எட்டு மணி நேரம் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு எம்ஆர்டி ரயிலில் நின்றபடி வீடு திரும்புகிறவருக்கு அதில் கால்வாசியே அதிகம். வெற்றியாளர்களின் புத்தகங்களை ஊக்கத்துக்காகப் படியுங்கள். அட்டவணையை வேறு புத்தகத்தில் தேடுங்கள்.

குளிர்நாட்டு வேகத்தை அப்படியே இங்கே ஓடுவது

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தருவது இந்தத் தவறுதான்.

நூலகத்தில் கிடைக்கும் ஓட்டப் பயிற்சிப் புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ எழுதப்பட்டவை. அவற்றின் பின்பகுதியில் வேக அட்டவணை இருக்கும். 10 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் ஓடினால் மாரத்தானை ஏறத்தாழ 3 மணி 50 நிமிடத்தில் முடிக்கலாம், அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 27 விநாடி என்று கணக்குப் போட்டுத் தரும். கணக்கில் தப்பில்லை. ஆனால் அது குளிர்ந்த காலையில், காய்ந்த காற்றில் ஓடுகிறவருக்கான கணக்கு. 2019 அக்டோபரில் கிப்சோகே வியன்னாவில் 1:59:40 நேரத்தில் மாரத்தான் தூரத்தை ஓடினாரே, அதற்கு ஒரு வாரத்துக்கும் மேலான கால இடைவெளியைக் கையில் வைத்துக்கொண்டு, வானிலை பார்த்துத்தான் நாளைக் குறித்தார்கள். ஓடிய காலை வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இருந்தது.

அதே ஆண்டு, அதற்கு இரண்டு வாரம் முன்னால், தோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தான் நடந்தது. வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்கியும் 30 டிகிரிக்கு மேல் புழுக்கம். தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. வென்ற கென்ய வீராங்கனைக்கு ஆன நேரம் 2:32:43. அவரே அந்த ஜனவரியில் துபாயில் ஓடியது 2:17:08. ஒரே ஆள், ஒரே ஆண்டு, பதினைந்து நிமிட வித்தியாசம். உலகத்திலேயே தலைசிறந்தவர்களுக்கு இந்தக் கதி என்றால், வார இறுதியில் மட்டும் நீண்ட தூரம் ஓடுகிற நாம் அட்டவணையின் எண்ணை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. "விடியற்காலையில் ஓடு, குளுமையாக இருக்கும்" என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். இங்கே விடியும் முன் வெப்பம் 24, 25 டிகிரியாக இறங்குவது உண்மைதான். ஆனால் காற்றின் ஈரப்பதம் அப்போதுதான் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும், மழையில்லாத நாளில் பிற்பகலில்தான் 60 வாக்கில் குறையும். வியர்வை வழிந்தால் உடல் குளிராது, அது ஆவியாகப் போனால்தான் குளிரும். அடைமழை நாளில் வீட்டுக்கு வெளியே மூங்கில் கழியில் போட்ட துணி மாதிரி, ஈரக் காற்றில் வியர்வையும் காயாது. அப்போது உடல் ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிச் சூட்டை வெளியேற்றப் பார்க்கும். காலுக்குப் போக வேண்டிய ரத்தம் குறையும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும். அதனால்தான் அதே வேகம் இங்கே கூடுதல் உழைப்பு கேட்கிறது. உங்கள் தகுதி குறைந்துவிட்டது என்று பொருள் இல்லை.

சென்ற ஆண்டு எங்கள் குழுவில் ஒரு தம்பி சேர்ந்தார். நல்ல ஓட்டக்காரர், ஒழுங்கானவர். புத்தகத்தின் அட்டவணைப் பக்கத்தைப் படம் பிடித்துக் கைக்கடிகாரத்திலும் அந்த வேகத்தை ஏற்றி வைத்திருந்தார். வேகம் குறைந்தால் கடிகாரம் ஒலி எழுப்பும். ஒரு ஞாயிறு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 28 கிலோமீட்டர். அன்று தொடங்கவே எட்டு மணி ஆகிவிட்டது. "தம்பி, இன்னிக்கு மெதுவாப் போங்க" என்றேன். "அண்ணே, புத்தகத்துல இந்த வாரம் இந்த வேகம்னு போட்டிருக்கே" என்றார். 20 கிலோமீட்டர் தாண்டியதும் கடிகாரம் விடாமல் ஒலித்தது. ஒலிக்க ஒலிக்க அவர் வேகத்தைக் கூட்டினார். அப்புறம் கால் பின்னத் தொடங்கியது. பிடித்து நிறுத்தி, எந்த புளோக்கில் இருக்கிறீர்கள் என்று கேட்டால் பழைய வீட்டின் எண்ணைச் சொல்கிறார்.

நிழலில் படுக்க வைத்து, பக்கத்துப் பானக்கடையில் ஐஸ் வாங்கிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்து, தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 995க்கு அழைத்தோம். ஒருவர் பேச்சுத் தடுமாறினால், நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடனே குளிர வைப்பதும் ஆம்புலன்ஸை அழைப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும், ஒன்று முடியட்டும் என்று மற்றதற்குக் காத்திருக்கக் கூடாது. தம்பி பிழைத்தார், மருத்துவமனையில் இருந்துவிட்டு நலமாக வீடு திரும்பினார். டிசம்பர் ஓட்டம் போனது போனதுதான்.

பிறகு அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். அட்டவணைக்கு முந்தைய அத்தியாயத்திலேயே ஒரு பத்தி இருந்தது: வெப்பமான இடத்தில் இந்த வேகங்களைப் பின்பற்றாதீர்கள், உழைப்பின் அளவை வைத்து ஓடுங்கள். தம்பி படம் பிடித்தது அட்டவணையை மட்டும்தான். இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. எழுதியவர் எச்சரிக்கையை ஒரு பத்தியில் ஒளித்து வைக்கிறார், படிப்பவர் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்.

"நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், வெயில் எனக்குப் பழக்கம்" என்பார்கள் சிலர். வீட்டில் குளிரூட்டி, ரயிலில் குளிரூட்டி, அலுவலகத்தில் குளிரூட்டி. வெப்பத்தில் இருந்து பழகுவது வேறு, வெப்பத்தில் உழைத்துப் பழகுவது வேறு. உடல் இதற்குப் பழக, வெப்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 10 முதல் 14 நாள் வரை பயிற்சி செய்ய வேண்டும். விட்டுவிட்டால் சில வாரங்களில் அந்தப் பழக்கமும் போய்விடும்.

சரி, கடையில் நின்றுகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பின்பக்கச் சொல்லடைவில் வெப்பம், ஈரப்பதம் ஆகிய சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஒரு பக்கம்கூட இல்லையென்றால் வைத்துவிடுங்கள். அடுத்து அட்டவணையைப் பாருங்கள். வெறும் நிமிடக் கணக்கு மட்டும்தானா, அல்லது "பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவு" என்பது மாதிரி உழைப்பின் அளவும் சொல்லியிருக்கிறதா? பேச்சு அளவு எந்த ஊருக்கும் பொருந்தும். இதயத் துடிப்பை வைத்து ஓடச் சொல்லும் புத்தகமும் நல்லதுதான், ஆனால் 220இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தோடு நிறுத்திக்கொண்டால் ஏமாந்துவிடாதீர்கள். அது சராசரி. ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேல்கூட மாறும்.

எந்தப் புத்தகம் வைத்திருந்தாலும், ஓடக் கிளம்பும் முன் சிங்கப்பூர் அரசின் மைஇஎன்வி (myENV) செயலியில் வெப்ப அழுத்த நிலையைப் பாருங்கள். 2023 ஜூலையிலிருந்து வெளியிடுகிறார்கள். வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்த அளவு அது. 31 டிகிரிக்குக் கீழே குறைவு, 31 முதல் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். அதிகம் என்று காட்டும் நாளில் நீண்ட ஓட்டத்தைத் தள்ளிப் போடுங்கள்.

மைலைக் கிலோமீட்டர் என்று படிப்பது

ஒரு மைல் 1.6 கிலோமீட்டர். "10" என்று போட்டிருந்தால் எந்த அலகு என்று பார்த்துவிட்டு ஓடுங்கள்.

பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் வாங்குவது

பிராஸ் பசா காம்ப்ளெக்சில் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றுவது எனக்கும் பிடித்த வேலை. கதையோ வரலாறோ என்றால் பழையதை வாங்கலாம். உடற்பயிற்சிப் புத்தகம் என்றால் பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து ஆண்டைப் பார்த்த பிறகுதான் காசை எடுக்க வேண்டும்.

சுளுக்குக்கு ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் ஒரு சூத்திரமாகக் கொடுத்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். முழு ஓய்வும் ஐஸும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் அவரே மாற்றி எழுதினார். பழைய புத்தகத்தில் இந்தக் கதையின் முதல் பாதி மட்டும்தான் இருக்கும். தண்ணீர் விஷயமும் அப்படித்தான். உடல் தாங்கும் அளவுக்குக் குடி என்கிற ரீதியில் 1996இல் அறிவுரை சொன்ன அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற வல்லுநர் அமைப்பு, அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து என்று 2007இல் திருத்திக்கொண்டது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் உயிருக்கே ஆபத்து. வியர்த்துக் கொட்டுகிற இந்த ஊரில் போத்தல் போத்தலாகக் குடிக்கச் சொல்லும் பழைய பக்கம் நல்ல யோசனையாகத்தான் தெரியும், அதனால்தான் கூடுதல் கவனம் தேவை.

நீச்சலில் கை வீசும் முறை, பந்தைப் பிடிக்கும் முறை மாதிரி நுட்பத்தைக் கற்றுத்தரும் புத்தகங்கள் இவ்வளவு சீக்கிரம் காலாவதி ஆவதில்லை. அவற்றில் பழையதையும் தாராளமாக எடுக்கலாம்.

கையில் இல்லாத கருவிக்கான புத்தகம்

பாரம் தூக்கும் புத்தகத்தை வாங்கிவிட்டு, எடைக் கம்பியைத் தாங்கும் சட்டமும் நீளக் கம்பியும் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். உங்கள் புளோக்குக்குக் கீழே உடற்பயிற்சி மூலை இருக்கும். அங்கே தொங்கும் கம்பி இருக்கிறதா, இணைக் கம்பிகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு போய், உடல் எடையை மட்டும் பயன்படுத்தும் புத்தகத்தைத் தேடுங்கள். ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக்கூடத்துக்குத் தவறாமல் போகப் போகிறீர்கள் என்றால் மட்டும் பாரம் தூக்கும் புத்தகம்.

எதுவானாலும் நடுவில் ஏதாவது ஒரு பயிற்சியின் பக்கத்தைத் திறந்து மூன்று கேள்வி கேளுங்கள். செய்ய முடியாதவருக்கு எளிதான வடிவம் சொல்லியிருக்கிறதா? எந்த இடத்தில் வலித்தால் நிறுத்த வேண்டும் என்று இருக்கிறதா? எப்போது அடுத்த படிக்குப் போவது என்று இருக்கிறதா? மூன்றும் இல்லையென்றால் அது வெறும் படத்தொகுப்பு.

இத்தனை நாளில் இவ்வளவு எடை குறையும் என்று சொல்லும் தலைப்பு

வேண்டாம்.

பெரியவர்களின் அட்டவணையைப் பிள்ளைக்குக் கொடுப்பது

பள்ளியில் நாப்ஃபா உடலுறுதித் தேர்வு வருகிறது என்பதற்காகச் செய்யாதீர்கள். வளரும் எலும்புக்கு அந்தச் சுமை பொருந்தாது. பிள்ளைகளுக்கு என்று தனியாக எழுதிய புத்தகமோ, பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் சொல்லோ போதும்.

இரவல் வாங்கிப் பார்க்காமல் விலைக்கு வாங்குவது

விக்டோரியா ஸ்திரீட் நூலகமோ, தெம்பனிஸ், ஜூரோங் வட்டார நூலகங்களோ, எங்கே போனாலும் உடலுறுதிப் புத்தகங்கள் 613.7 வரிசையிலும் விளையாட்டுகள் 796 வரிசையிலும் இருக்கும். ஓட்டம் வேண்டுமென்றால் 796.42. இரவல் காலம் 21 நாள். இரண்டு மூன்று புத்தகங்களை ஒரே நேரத்தில் எடுத்து, முதல் வாரம் எதையும் செய்யாமல் முன் அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். அடுத்த இரண்டு வாரம் ஒன்றை மட்டும் பின்பற்றிப் பாருங்கள். உங்கள் வேலை நேரத்துக்கும் முழங்காலுக்கும் அது ஒத்துவந்தால் கடைக்குப் போய் வாங்குங்கள். ஒத்துவராவிட்டால் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.