மாணவர்களை வெளியூர் கூட்டிப் போகும் முன்: புது ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

முதன்முறையாகப் பிள்ளைகளை டூருக்கோ போட்டிக்கோ கூட்டிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹெச்.எம். கையெழுத்து, பஸ், சாப்பாடு எல்லாம் எப்படியும் பார்த்துவிடுவீர்கள். நான் பயப்படுவது திட்டத்தில் இல்லாமல் வழியில் நிற்கும் இடங்களுக்கு.

1. நிற்கும் இடங்களையும் எழுதுங்கள்

2023 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் தொட்டியம் பக்கம் கால்பந்துப் போட்டிக்குப் போனார்கள். மைதானத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாயனூரில் காவிரியில் குளிக்க இறங்கியபோது நான்கு பேர் மூழ்கி இறந்தார்கள்.

டீ, சாப்பாடு, கழிப்பறை என்று எங்கெங்கே நிற்கப்போகிறோம் என்பதை எழுதி, ஹெச்.எம்.மிடம் கையெழுத்து வாங்குங்கள். அதில் இல்லாத இடத்தில் பஸ் நிற்கக் கூடாது. "பத்தே நிமிஷம் சார்" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். "முழங்கால் தண்ணிதான் சார்" என்று டிரைவரும் சேர்ந்துகொள்வார். மணல் அள்ளிய ஆற்றில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியே ஆளை முழுங்கும் பள்ளமாக இருக்கலாம். ஆறு, அணை, கடல் எதிலும் இறங்க வேண்டாம்.

படகுச் சவாரி இருந்தால், ஒவ்வொரு பிள்ளையின் லைஃப் ஜாக்கெட் பட்டையையும் நீங்களே இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் பற்றாக்குறை என்றால் சவாரியே வேண்டாம். 2024 ஜனவரியில் வதோதரா ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு அது. பலர் ஜாக்கெட்டே போட்டிருக்கவில்லை.

2. சம்மதக் கடிதம்

"எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்று பெற்றோரிடம் எழுதி வாங்குவது நம் ஊர் வழக்கம். கவனக்குறைவு நிரூபணமானால் அந்த வரியை நம்பி இருக்க முடியாது. 1995-ல் பதான்கோட் பக்கத்துப் பள்ளி ஒன்று பிக்னிக் போனபோது 14 பிள்ளைகள் பியாஸ் ஆற்றில் மூழ்கினார்கள். உடன் போன ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளிதான் பொறுப்பு என்று சொல்லி, தலா 5 லட்சம் இழப்பீட்டை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பணம் பள்ளி கட்டும். கிரிமினல் வழக்கு உங்கள் பேரில்தான் வரும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை.

ஆகவே கடிதத்தில் உபயோகமானதைக் கேளுங்கள்: மூச்சிழுப்பு, வலிப்பு, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை, இரண்டு போன் நம்பர், அவசரத்தில் சிகிச்சை தர அனுமதி. நிற்கும் இடங்களின் பட்டியலையும் கூடவே இணைத்து அனுப்புங்கள்.

3. பஸ்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதிகளைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம் என்று ராத்திரியில் கிளம்பாதீர்கள். 2022 அக்டோபரில் கேரளாவின் வடக்கஞ்சேரியில், ஊட்டிக்கு வந்துகொண்டிருந்த பள்ளி டூர் பஸ் அரசு பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் இறந்தது ராத்திரிப் பயணத்தில்தான்.

4. தலையை எண்ணாதீர்கள், பேரைக் கூப்பிடுங்கள்

நம் பையன் ஒருவன் விட்டுப்போய், பக்கத்து டீம் பையன் ஒருவன் ஏறி உட்கார்ந்திருந்தாலும் எண்ணிக்கை சரியாகவே வரும். ஒவ்வொரு ஆசிரியர் கையிலும் தன் பொறுப்பில் உள்ள பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் இருக்கட்டும். எல்லாரும் "சரி" சொன்ன பிறகே வண்டி நகர வேண்டும். மாணவிகள் வந்தால் ஆசிரியை கட்டாயம்.

5. மைதானத்தில்

கோல் போஸ்ட்டை ஆட்டிப் பாருங்கள். கபடிக் களத்தில் கல், கண்ணாடி கிடக்கிறதா என்று வெறுங்காலில் ஆடப்போகும் பிள்ளைகளுக்கு முன் நீங்கள் நடந்து பாருங்கள். தலையில் அடிபட்டவன் "ஒண்ணுமில்ல சார்" என்றாலும் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது, டாக்டரிடம் காட்டுங்கள். வெயிலில் ஆடுகிறவன் உளறினாலோ மயங்கினாலோ நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

6. ஏதாவது நடந்துவிட்டால்

முதலில் 108, அடுத்து பெற்றோர், பிறகு ஹெச்.எம். பெற்றோரிடம் நீங்களே போனில் பேசுங்கள். அதற்கு முன் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரிகூடப் போகக் கூடாது. மற்ற பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டு, எத்தனை மணிக்கு என்ன நடந்தது, யார் எங்கே நின்றார்கள் என்று அன்றைக்கே நோட்டில் எழுதித் தேதியும் கையெழுத்தும் போடுங்கள். யார் மேல் தப்பு என்ற உங்கள் அபிப்பிராயம் அதில் வேண்டாம்.